ஜிஸ்யாவும் சாட்சியமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்லாமிய ஆட்சிகளில் பிற மதத்தவரின் நிலை பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். முஸ்லிம்கள் ஜகாத் என்ற கட்டாயக் கொடை கொடுத்தார்கள், மற்றவர்கள் அதற்கு ஈடாக ஜிஸ்யா என்ற தலைவரி கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்கிறார் ஒருவர். அது மிரட்டிப் பறித்த பணம் என்கிறார் இன்னொருவர். சட்டத்தில் உண்மையில் என்னதான் இருந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘இஸ்லாமிய ஆட்சிகள்’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. நாட்டுக்கு நாடு, மத்ஹப் எனப்படும் சட்டப் பள்ளிக்குப் பள்ளி சட்டம் வேறுபட்டது. ஒரு திம்மி (முஸ்லிம் அரசின் பாதுகாப்பில் வாழும் பிற மதத்தவர்) கொலையுண்டால் இழப்பீடு முஸ்லிமுக்கு உள்ள அதே தொகை என்பது ஹனபி சட்டம். ஷாஃபி சட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, காஜி (இஸ்லாமிய நீதிபதி) மன்றப் பதிவேடுகள் ஏராளமாக எஞ்சியிருக்கும் உதுமானியப் பேரரசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே நடந்தது ஹனபி சட்டம்.

கிறித்தவரும் யூதரும் அங்கே திம்மிகள். அவர்களுடைய உயிர், உடைமை, வழிபாடு மூன்றுக்கும் அரசு பொறுப்பு. பதிலுக்கு அவர்கள் ஜிஸ்யா கட்ட வேண்டும், முஸ்லிம்களுக்குக் கீழ்ப்பட்ட நிலையை ஏற்க வேண்டும். 1691 சீர்திருத்தம் தலைக்கு இவ்வளவு என்று மூன்று படிகளை வகுத்தது: ஏழை 1 பொற்காசு, நடுத்தரத்தார் 2, செல்வர் 4. பெண்கள், சிறுவர், வேலை செய்ய முடியாத முதியோர், உடல் ஊனமுற்றோர் கட்ட வேண்டியதில்லை. கட்டியவருக்கு முத்திரையிட்ட சீட்டு கிடைக்கும். அதற்கு முன் பல இடங்களில் ஊருக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை விதித்திருந்தார்கள். பத்துக் குடும்பம் ஊரைவிட்டு ஓடினால் அவர்கள் பங்கும் மிச்சமிருப்பவர் தலையில் விழும். அதைத் தாங்காமல் அவர்களும் ஓடுவார்கள்.

ஜகாத்தோடு ஒப்பிடுவது சரியில்லை. ஜகாத்துக்குச் சொத்து வரம்பு உண்டு. ஏழை முஸ்லிம் அதைக் கட்டுவதில்லை, வாங்குகிறவர் அவர். ஏழைக் கிறித்தவத் தொழிலாளியோ 1 பொற்காசு கட்டியே ஆக வேண்டும். படைச்சேவைக்கு ஈடு என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. மார்த்தலோஸ் என்ற கிறித்தவக் காவற்படையினருக்கு ஜிஸ்யா விலக்கு இருந்தது. ஆனால் பால்கன் கிராமங்களில் கிறித்தவச் சிறுவர்களைப் பிடித்துச் சென்று, மதம் மாற்றிச் சுல்தானின் படையில் சேர்த்த தேவ்ஷிர்மே முறையை, திம்மிகளுக்குப் பாதுகாப்புத் தரும் திம்மா ஒப்பந்தத்துக்குள் எப்படியும் அடக்க முடியாது. அரசே தன் வாக்கை மீறிய இடம் அது. அதை மழுப்பக் கூடாது.

இருந்தாலும் எல்லாரும் வரியையே பேசிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம். அன்றாடம் அதைவிட ஆழமாக உறுத்தியது சாட்சியச் சட்டம். திம்மி மீது திம்மி சாட்சி சொல்லலாம். முஸ்லிம் மீது சொன்னால் செல்லாது. ஒரு ஆர்மேனியர் முஸ்லிம் வணிகருக்குக் கடன் கொடுக்கிறார், பார்த்தவர்கள் நான்கு ஆர்மேனியர்கள் என்று வையுங்கள். வாங்கியவர் மறுத்தால் அந்த நால்வராலும் பயனில்லை. மிஞ்சுவது ஒன்றுதான்: பிரதிவாதியைச் சத்தியம் செய்யச் சொல்லலாம். அவர் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடனோ வீட்டு விற்பனையோ நடக்கும்போதே இரு தரப்பும் காஜியிடம் போய், முஸ்லிம் சாட்சிகள் முன்னிலையில் பதிவு செய்து, கட்டணம் கட்டிப் பத்திரம் வாங்கிவிடுவார்கள். பத்திரம் மட்டும் போதாது, பின்னாளில் அந்தச் சாட்சிகள் உயிரோடும் உள்ளூரிலும் இருக்க வேண்டும். முஸ்லிம் நண்பர் இல்லாத ஏழைக்கு இந்த வழியும் அடைபட்டதுதான்.

அதே காஜி மன்றத்துக்குத் திம்மிகள் தாமாக விரும்பிப் போனதும் உண்டு. யூதச் சட்டப்படி மகன் இருந்தால் மகளுக்குத் தந்தை சொத்தில் வாரிசுரிமை இல்லை. ஷரீஅத்தில் மகனின் பங்கில் பாதி உண்டு. மகள்கள் காஜியைத் தேடிப் போனதில் என்ன வியப்பு? மணமுறிவு எளிதில் தராத திருச்சபையைச் சேர்ந்த பெண்களும் போனார்கள். சபைத் தலைவர்கள் விலக்கிவைப்போம் என்று மிரட்டியும் பார்த்தார்கள். மில்லத் (மதவாரிச் சமூக அமைப்பு) என்றால் ஒவ்வொரு சமூகமும் தன் சட்டத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது என்று பாடநூல்கள் எழுதுவது இதனால்தான் பொருந்தாமல் போகிறது. மதம் மாறியவர் விஷயத்தில் மட்டும் கதவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது: முஸ்லிமாகிவிட்ட மகனுக்குக் கிறித்தவத் தந்தையின் சொத்தில் பங்கில்லை.

சுல்தானின் 1856 ஆணை எல்லா மதத்தவரையும் சமமாக்கியது, கலப்பு நீதிமன்றங்களையும் அறிவித்தது. ஷரீஅத் மன்றங்களில் பழைய சாட்சிய விதி அப்படியே தங்கிவிட்டது. ஜிஸ்யா ஒழிந்தது, அதே இடத்தில் படைவிலக்கு வரி என்ற பெயரில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. 1909இல் அதையும் நீக்கி, எல்லாரும் படைக்கு வர வேண்டும் என்று சட்டமானபோது, கிறித்தவ இளைஞர் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.