கேள்வி-பதில்: ஸ்டிக்கரில் மட்டும் எம்பிபிடி

தலவாக்கலை வாசகர்: லயத்து வீட்டுக்கு 300 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 100 ஆம்பியர் பெட்டரி, பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ‘எம்பிபிடி’ கண்ட்ரோலர் வாங்கினோம். மூன்று பல்ப், ஒரு டீவி. மப்பான நாளில் இரவு எட்டு மணிக்கே அணைந்துவிடுகிறது. பெட்டரி பழுது, புதுசு வாங்கு என்கிறார் கடைக்காரர்.

வாங்காதீர்கள். முதலில் கண்ட்ரோலரைக் கையில் தூக்கிப் பாருங்கள். எம்பிபிடி என்றால், பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பெட்டரிக்குத் தரும் வகை. நிஜ எம்பிபிடிக்குள் செம்புக்கம்பிச் சுருள் (காயில்) இருக்கும், பாரம் தெரியும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் எம்பிபிடி ஸ்டிக்கரோடு சரி, உள்ளே பிடபிள்யூஎம், அதாவது அந்த மாற்றத்தைச் செய்யாத வகை. உங்களுடையது 60 செல் பேனலாக இருந்தால், நல்ல வெயிலில் 32 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் அதைப் பெட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 9 × 13 போட்டுப் பாருங்கள்: 120 வாட்கூட வராது. மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள். வெயிலே எண்ணி வரும் ஊரில் இப்படி விற்பவர்களை என்ன சொல்வது!

பெட்டரி நிறையாதபோது, நண்பகல் வெயிலில், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேனல் வயரிலும் பெட்டரி வயரிலும் மாறி மாறி மாட்டுங்கள். இரண்டிலும் ஒரே ஆம்பியர் காட்டினால் அது எம்பிபிடி இல்லை. எம்பிபிடியில் பெட்டரிப் பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும். அளவைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். மாற்றித் தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற எண்ணில் அழையுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுங்கள்.

ஹட்டன் வாசகர்: அஸ்பெஸ்டோஸ் கூரையைத் துளைத்துப் பேனல் பூட்டலாமா?

கூடாது. தூசி நுரையீரலுக்குக் கேடு, பழைய தகடு மிதித்தாலே உடையும். கூரை மாற்றும்போது பூட்டுங்கள்.

நுவரெலியா வாசகி: பழைய ஓட்டு வீடு. 200 லீட்டர் சோலார் ஹீட்டரைக் கூரையிலேயே வைக்கலாம் என்கிறார்கள்.

கூரை மரத்தை யாராவது ஏறிப் பார்த்தார்களா? தண்ணீர் மட்டுமே 200 கிலோ. பாரம் சுவரில் இறங்கும்படி இரும்புச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். தை, மாசி உறைபனிக்கு வெற்றிடக் குழாய் வகைதான் தோது. வெளியே ஓடும் பைப்புக்கும் காப்புறை போடுங்கள். மூடுபனி நாளுக்கு மின்சார எலிமென்ட் வேண்டும். அதற்குத் தனி வயர், எர்த், ட்ரிப் சுவிட்ச் மூன்றும் இருக்க வேண்டும். பழைய வீட்டில் எர்த் இருப்பதே அபூர்வம்.

பண்டாரவளை வாசகர்: சோலார் பேனலுக்கு முழுக்காசும் கட்டிவிட்டேன். காசு வாங்கிய ஆள் ஃபோன் எடுப்பதில்லை. பற்றுச்சீட்டும் இல்லை.

பேனலைக் கண்ணால் காணாமல் முழுக்காசா? சரி, வங்கியில் போட்டிருந்தால் அந்தச் சிட்டையையும் ஃபோனில் வந்த மெசேஜ்களையும் எடுத்துக்கொண்டு இன்றே பொலிஸில் முறையிடுங்கள்.