பைனரி லாக் கோப்பைப் பைட் பைட்டாகப் படித்தல்: கேள்வி பதில்

மொரீஷியசிலும் அண்டைத் தீவான ரீயூனியனிலும் தரவுத்தளப் பணியில் இருக்கும் நம்மவர்கள், மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பைனரி லாக் (தரவில் நடக்கும் மாற்றங்களைச் சர்வர் தொடர்ந்து எழுதிவைக்கும் கோப்பு) பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பைட்டுகளின் மதிப்புகளைப் பத்தடிமானத்தில் தந்துள்ளேன்; உங்கள் ஹெக்ஸ் கருவி பதினாறடிமானத்தில் காட்டினால் மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (எபேன், பணிக்குப் புதியவர்): ஐயா, லாக் கோப்பை உரைத் தொகுப்பியில் திறந்தால் தொடக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன, மற்றவை குப்பையாக இருக்கின்றன. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பதில்: முதல் நான்கு பைட்டுகள் 254, 98, 105, 110. பின் மூன்றும்தான் நீங்கள் கண்ட எழுத்துகள். முதல் பைட் 253 ஆக இருந்தால் கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டது என்று பொருள் (8.0.14 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு), அப்போது சாவி இல்லாமல் மேலே படிப்பதில் பயனில்லை.

இடங்களை 0 முதல் எண்ணினால், நான்காம் இடத்திலிருந்து நிகழ்வுகள் (லாக்கில் பதிவாகும் தனித்தனிக் குறிப்புகள்) ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு நிகழ்வுக்கும் 19 பைட் தலைப்பகுதி உண்டு: நேரத்துக்கு 4, நிகழ்வின் வகைக்கு 1, சர்வர் எண்ணுக்கு 4, நிகழ்வின் நீளத்துக்கு 4, அடுத்த நிகழ்வின் இடத்துக்கு 4, கொடிகளுக்கு (நிலையைக் காட்டும் குறிகள்) 2. எண்கள் யாவும் சிறிய பைட் முதலில் வருமாறு எழுதப்படுகின்றன. நீளம் இருக்கும் இடத்தில் 44, 1, 0, 0 என்று கண்டால் அது 44 உடன் 256 சேர்ந்த 300 ஆகும். நிகழ்வு தொடங்கிய இடத்தோடு நீளத்தைக் கூட்டினால், ‘அடுத்த இடம்’ என்று அதே தலைப்பகுதி சொல்லும் எண் கிடைக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே கோப்பு முழுவதையும் நடந்து கடந்துவிடலாம். கணக்கு எங்கே பொய்க்கிறதோ அங்கே கோப்பு அறுபட்டோ சிதைந்தோ இருக்கிறது.

முதலில் வருவது வகை 15, அதாவது கோப்பின் வடிவத்தை விவரிக்கும் நிகழ்வு. சர்வரின் பதிப்பு அதில் 50 பைட் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அதன் கொடி 1 ஆக இருந்தால், கோப்பு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது அல்லது சர்வர் அதை முறையாக மூடாமல் விழுந்துவிட்டது. ஒவ்வொரு நிகழ்வின் கடைசி 4 பைட்டுகள் சரிபார்ப்பு எண் என்பதை மறக்க வேண்டாம், 5.6.6 பதிப்பு முதல் அது இயல்பாகவே எழுதப்படுகிறது. புதியவர்கள் பலர் அதையும் அட்டவணை வரிசைகளின் தரவோடு சேர்த்துப் படித்துக் குழம்புகிறார்கள்.

கேள்வி (ரோஸ் ஹில்): இரவுக் கணக்கை 15 நவம்பர் 2023 அதிகாலை 2.13க்கு ஓட்டினோம். லாக்கை உரையாகக் காட்டும் மையெஸ்கியூஎல்பின்லாக் கருவியோ 14 நவம்பர் 22.13 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே கணம்தான். தலைப்பகுதியில் 0, 241, 83, 101 என்று இருந்திருக்கும். அது 1700000000, அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்ட விநாடிகள். கருவி, தான் ஓடும் கணினியின் நேர மண்டலத்தில் அதை மாற்றிக் காட்டுகிறது. மேகச் சர்வர் உலகப் பொது நேரத்தில் இருக்க, நாமோ 4 மணி நேரம் முன்னே இருக்கிறோம்.

ஆனால் இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. அங்கே பதிவாகும் நேரம் கட்டளை தொடங்கிய நேரமே தவிர, பரிவர்த்தனை (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய கட்டளைகளின் தொகுதி) உறுதியான, அதாவது கமிட் ஆன, நேரம் அல்ல. பரிவர்த்தனைகள் உறுதியாகும் வரிசையில்தான் லாக்கில் எழுதப்படுகின்றன. ஆகவே அரை மணி நேரம் ஓடிய நீண்ட பரிவர்த்தனை ஒன்று, தனக்குப் பின் தொடங்கி முன்பே முடிந்தவற்றுக்கு அடுத்துப் பழைய நேரத்தோடு நிற்கும். கோப்பில் நேரம் ஏறுமுகமாகவே செல்லும் என்ற எண்ணம் அதனால் தவறு. அந்தக் கருவியின் ‘ஸ்டாப்-டேட்டைம்’ விருப்பமோ, குறித்த நேரத்தையோ அதற்குப் பிந்திய நேரத்தையோ உடைய முதல் நிகழ்விலேயே நின்றுவிடும். அதற்கடுத்து முந்திய நேரத்தோடு காத்திருக்கும் நிகழ்வுகள் உங்கள் மீட்பில் விடுபட்டுப்போகும். தேடுவதற்கு நேரத்தைப் பயன்படுத்துங்கள். வெட்டுவதற்கு இட எண்ணை மட்டுமே பயன்படுத்துங்கள்.

கேள்வி (போர்ட் லூயிஸ், மொத்த வியாபாரக் கடை): விற்பனை அட்டவணையில் நிபந்தனை இல்லாமல் டிலீட் கட்டளை ஓடிவிட்டது. லாக்கிலிருந்து வரிசைகளை மீட்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், ஆனால் மூன்று விஷயங்களை முதலில் பாருங்கள்.

முதலாவது, லாக் வரிசை வடிவில் (கட்டளையின் வாசகத்துக்குப் பதில் மாறிய அட்டவணை வரிசைகளே பதிவாகும் முறை) எழுதப்பட்டிருக்க வேண்டும். 5.7.7 பதிப்பு முதல் அதுவே இயல்பு. அதில் வகை 19 நிகழ்வு அட்டவணையை அறிமுகப்படுத்தும். தொடர்ந்து வரும் வகை 32 நிகழ்வில் நீக்கப்பட்ட வரிசைகள் இருக்கும் (சேர்த்தலுக்கு 30, திருத்தத்துக்கு 31). தலைப்பகுதிக்குப் பின் அட்டவணை எண்ணுக்கு 6 பைட், கொடிகளுக்கு 2, கூடுதல் தகவலின் நீளத்துக்கு 2, பிறகு நெடுவரிசைகளின் எண்ணிக்கை, எந்தெந்த நெடுவரிசைகள் உள்ளன என்னும் பிட் வரைபடம். அதன்பின் ஒவ்வொரு வரிசைக்கும் மதிப்பே இல்லாத (‘நல்’) நெடுவரிசைகளைக் குறிக்கும் பிட்டுகளும் மதிப்புகளும் வருகின்றன. ரூபாய்த் தொகையை டெசிமல் வகையில் வைத்திருந்தால் கவனம் தேவை: அது பெரிய பைட் முதலில் வருமாறு, ஒன்பது இலக்கங்களுக்கு 4 பைட் என்று அடுக்கப்படுகிறது.

இரண்டாவது, வரிசைப் படிமத்தின் அமைப்பு, அதாவது ஒரு வரிசையில் எவ்வளவு லாக்கில் எழுதப்படும் என்பது. ‘ஃபுல்’ என்றால் முழு வரிசையும் இருக்கும். ‘மினிமல்’ என்றால், முதன்மைச் சாவி உள்ள அட்டவணையில் அந்தச் சாவி மட்டுமே எஞ்சும். எதை நீக்கினோம் என்று தெரியுமே தவிர அதன் உள்ளடக்கம் கிடைக்காது. வட்டு இடத்தை மிச்சம் பிடிக்க இதை மாற்றுபவர்கள் இந்த விலையை அறிந்தே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது, ஓடியது உண்மையில் டிலீட்தானா? டிரங்கேட் என்றால் லாக்கில் அந்தக் கட்டளையின் வாசகம் மட்டுமே இருக்கும், வரிசைகள் இரா. அப்போது காப்புப்படியை மீட்டு, அதற்குப் பிந்திய லாக்கை அந்தக் கட்டளைக்கு முந்திய இடம் வரை ஓட்டுவதே வழி.

டிலீட்தான் என்றால், மையெஸ்கியூஎல்பின்லாக் கருவியில் ‘பேஸ்64-அவுட்புட்’ விருப்பத்துக்கு ‘டிகோட்-ரோஸ்’ மதிப்பையும் கூடவே ‘வெர்போஸ்’ விருப்பத்தையும் கொடுத்துப் படியுங்கள். நெடுவரிசைப் பெயர்களுக்குப் பதில் @1, @2 என்று வரும். இயல்பான அமைப்பில் லாக்கில் பெயர்கள் எழுதப்படுவதில்லை. நீக்கலைச் சேர்த்தலாகத் திருப்பும் வசதி மையெஸ்கியூஎல்லின் கருவியில் இல்லை, அதன் கிளைத் தரவுத்தளமான மரியாடிபியின் கருவியில் ‘ஃப்ளாஷ்பேக்’ என்ற பெயரில் உண்டு. இரண்டின் லாக் வடிவங்களும் இன்று வேறுபட்டுவிட்டதால் ஒன்றின் கருவியை மற்றதன் கோப்பில் ஓட்டாதீர்கள்; சிறு நிரல் எழுதித் திருப்புவது நல்லது. திருப்பியதை முதலில் தனிச் சர்வரில் ஓட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி (குரேபிப், கோயில் சங்கத் தன்னார்வலர்): தைப்பூசக் காவடிப் பதிவில் ‘முருகன்’ என்ற பெயரை லாக்கில் தேடுகிறேன், ஹெக்ஸ் கருவியில் கிடைக்கவில்லை.

பதில்: யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ‘முருகன்’ 7 குறிகள், 21 பைட்டுகள். பெயர் நெடுவரிசை 100 எழுத்து கொள்ளும் வார்க்கார் (மாறும் நீளமுள்ள உரை வகை) என்றால், ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை என்ற கணக்கில் 400 பைட் ஆகிறது. 255ஐத் தாண்டியதால் நீளத்துக்கு இரண்டு பைட் ஒதுக்கப்பட்டு, பெயருக்கு முன் 21, 0 என்று நிற்கும். 50 எழுத்து என்றால் 21 மட்டும் நிற்கும். எனவே 224, 174, 174 என்று தேடுங்கள், அது மகரம். அப்படியும் கிடைக்காவிட்டால் வகை 40 நிகழ்வு இருக்கிறதா என்று பாருங்கள்: 8.0.20 முதல் பரிவர்த்தனைகளைச் சுருக்கி எழுதலாம், அவற்றுக்குள் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கேள்வி (சான் தெனி, ரீயூனியன்): உச்ச அளவு 1 ஜிபி என்றிருந்தும் ஒரு கோப்பு அதைத் தாண்டிவிட்டது. பழுதா?

பதில்: இல்லை. ஒரு பரிவர்த்தனையை இரண்டு கோப்புகளுக்குப் பிரித்து எழுதுவதில்லை, ஆகவே பெரிய பரிவர்த்தனை ஒன்று கோப்பை உச்ச அளவுக்கு மேல் கொண்டுபோகலாம்.

கேள்வி (கத்ர் போர்ன்): தவறான ஒரு நிகழ்வை ஹெக்ஸ் தொகுப்பியில் அழித்துவிட்டுக் கோப்பை மீண்டும் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பைட்டை மாற்றினாலும் சரிபார்ப்பு எண் பொருந்தாது. ஒரு நிகழ்வை எடுத்தால் அதன்பின் வரும் இட எண்கள் அனைத்தும் பொய்யாகும். தவறான பரிவர்த்தனை தொடங்கும் இடம் வரை ‘ஸ்டாப்-பொசிஷன்’ கொண்டு ஒரு முறையும், அது முடிந்த இடத்திலிருந்து ‘ஸ்டார்ட்-பொசிஷன்’ கொண்டு மறு முறையும் ஓட்டுங்கள். ஜிடிஐடி (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தரப்படும் தனி அடையாளம்) இயங்கும் அதே சர்வரில் ஓட்டினால், இவை முன்பே நடந்தவை என்று சர்வர் சத்தமின்றித் தாண்டிவிடும். அப்போது ‘ஸ்கிப்-ஜிடிஐடிஸ்’ விருப்பமும் தேவை.