நிற்கிற லொறிக்கும் செலவு உண்டு: கேள்வி-பதில்

கே: விடுதி நடத்துகிறேன். டீசல் லொறி சீசனில் மட்டும் ஓடும், மாரியில் சும்மா நிற்கும். தினமும் காலையில் 5 நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம். இவ்வளவு கவனித்தும் இப்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, புகை தள்ளுகிறது. ஏன்? (நிலாவெளி)

ப: அந்த 5 நிமிடம்தான் காரணம். இதை யார் கிளப்பிவிட்டார்களோ, ஊரில் பாதிப்பேர் செய்கிறார்கள், நானும் வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது லேசில் சூடேறாது. டீசல் எரியும்போது வரும் நீராவி குளிர்ந்த எஞ்சினுக்குள் தண்ணீராகி ஒயிலில் சேரும், சரியாக எரியாத டீசலும் சிலிண்டர் சுவரால் வழிந்து அதே ஒயிலில் கலக்கும், சைலன்சர் உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் பற்றரிக்கு முழுசாகத் திரும்புமா என்பதும் சந்தேகம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், குச்சவெளிப் பக்கம் போய் வந்தால் போதும், பிரேக், கிளச், கியர் எல்லாம் அசையும். அதற்கு வழியில்லையென்றால் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமலே விட்டுவிடுங்கள்.

அடுத்தது டாங்க். அரைவாசி டீசலோடு மாரி முழுக்க நிறுத்தினால், வெறும் இடத்தில் இருக்கிற ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராகி அடியில் போய் நிற்கும். டீசலும் தண்ணீரும் தொடுகிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாக, வழுவழுவென்று ஒன்று உண்டாகும். பில்டரை அடைப்பது அதுதான். ஆகவே நிறுத்துவதற்கு முன் டாங்கை நிரப்புங்கள், பில்டருக்குக் கீழே தண்ணீர் இறக்கும் திருகு இருந்தால் இடைக்கிடை திறந்துவிடுங்கள். உங்களுடையதற்கு இப்போது டாங்கின் அடித் தண்ணீரை இறக்கி, புது பில்டர், புது ஒயில் போட்டு ஒரு நல்ல ஓட்டம் ஓடுங்கள். அதற்கும் புகை நிற்காவிட்டால்தான் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்ற விட வேண்டும். கடையில் டாங்குக்குள் ஊற்றச் சொல்லி ஒரு மருந்துப் போத்தலை நீட்டுவார்கள். எனக்கும் நீட்டினார்கள், வாங்கினேன், போத்தல் மட்டும் அழகாக இருந்தது.

கே: 2022 தட்டுப்பாட்டில் பரலில் சேர்த்த டீசல் மிச்சம் இருக்கிறது. லொறிக்கு ஊற்றலாமா? (மூதூர்)

ப: வேண்டாம். ஒழுங்காக மூடி வைத்தாலே ஒரு வருடம் வரைதான் நம்பலாம். கடலிலோ கானிலோ ஊற்றிவிடவும் வேண்டாம்.

கே: ஒன்றரை மாதத்துக்கு முன் 4 புது ரயர் வாங்கினேன். லொறி அதிகம் ஓடவேயில்லை, பக்கச் சுவரில் வெடிப்பு. வெயிலில் நிறுத்தினால் அப்படித்தான் என்கிறார் கடைக்காரர். ரயரில் 1117 என்று இருக்கிறது. பில் வைத்திருக்கிறேன். (கிண்ணியா)

ப: பில்லைப் பத்திரமாக வைத்ததற்கு முதலில் நன்றி, முக்கால்வாசிப்பேர் தொலைத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். 1117 என்றால் 2017 இன் 11 ஆவது வாரம் செய்த ரயர். கடையில் கிடந்தாலும் றப்பருக்கு வயது ஏறும். ஒன்றரை மாத வெயில் என்பதெல்லாம் சாட்டு, பழைய சரக்கைப் புதிதென்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இலக்கத்தையும் வெடிப்பையும் படம் எடுத்து, மாற்றித் தரும்படி கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டுச் சட்டம், ஆகவே இன்றைக்கே எழுதுங்கள். அதுவரை அந்த ரயரில் பாரம் ஏற்ற வேண்டாம்.

கே: கடற்கரை வளவில் இரண்டு வருடம் நின்ற லொறி, மலிவாக வந்தது, பெயின்ட் புதிது, வாங்கிவிட்டேன். சேசிஸ் (அடிச்சட்டம்) உக்கிவிட்டது என்கிறார் மெக்கானிக். எழுத்தில் எதுவும் இல்லை. (உப்புவெளி)

ப: உப்புக் காற்றில் இரண்டு வருடம் நின்றது தெரியும், புதுப் பெயின்ட்டும் கண்ணில் பட்டது, குனிந்து அடியைப் பார்க்க மட்டும் நேரமில்லை! இந்த மெக்கானிக்கை வாங்குவதற்கு முன் கூட்டிப்போயிருந்தால் என்ன? விற்றவர் வியாபாரி இல்லையென்றால் அதிகார சபையும் உதவாது. வெட்டி ஒட்ட எவ்வளவு என்று இரண்டு கராச்சில் கேளுங்கள், கட்டுப்படியாகாவிட்டால் பாகம் பாகமாக விற்றுவிடுங்கள்.

கே: அறுவடைக்கு மட்டும் ஓடும் லொறி. மூன்று பற்றரி மாற்றியாயிற்று. எந்தக் கம்பனியுடையது நல்லது? (தம்பலகாமம்)

ப: நாலாவதை வாங்காதீர்கள். லொறி நிற்கும்போதே ஏதோ கரண்டைக் குடிக்கிறது, அலாரமோ ரேடியோவோ, ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். 12 வோல்ட் பற்றரி 12.4 க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் எந்தக் கம்பனியுடையதும் கெடும். 24 வோல்ட் லொறியென்றால் இரண்டு பற்றரியையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

கே: ஹான்ட்பிரேக் போட்டு நிறுத்திய லொறி இப்போது அசைய மறுக்கிறது. (சீனக்குடா)

ப: மழை ஈரத்தில் பிரேக் ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ட்ரம்மைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இன்னொரு லொறியைக் கட்டி இழுக்காதீர்கள், ட்ரம்மில் உராய்கிற பிரேக் லைனிங் கழன்று வந்துவிடும். அடுத்த முறை கட்டை வையுங்கள், கியரில் விடுங்கள், ஹான்ட்பிரேக் வேண்டாம்.