உப்புக்காற்றில் இறுகிய நட்டு
தம்பி, மண்டபம் ஊரில் வீட்டு வாசலிலேயே ஹெடர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மாட்ட இறங்கி, அந்த இடத்தில் இருக்கும் பழைய மேனிஃபோல்டில் இரண்டு நட்டு அசையவில்லை என்கிறீர்கள். கடற்கரை வண்டி, அப்படித்தான் இருக்கும். ஸ்பேனர் பிடியில் பைப் செருகி நெம்பாதீர்கள். நான் பாம்பனில் அப்படி ஒரு ஸ்டட்டை (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறித்து, கடைசியில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிப்போனேன்.

துரு இளக்கும் ஆயிலை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் 6 முனை சாக்கெட் போட்டு முதலில் இம்மியளவு இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். இப்படியே முன்னும் பின்னுமாக. 12 முனை வழுக்கிவிடும்.

புது ஹெடருக்குப் புது கேஸ்கெட் (இடையில் புகை கசியாமல் அடைக்கும் தகடு) போடுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்குங்கள். ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். மணலில் ஜாக் புதையும். கீழே பலகை, ஸ்டாண்டும் கட்டாயம். ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் சத்தம் கேட்டால் கேஸ்கெட் பக்கம் புகை கசியலாம்.