ஸ்பிட்டி கேள்வி பதில்: மேலே சுற்றுங்கள், கீழே தூங்குங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலுள்ள காசாவில் ஹோட்டல் எடுத்துத் தங்கி, சுற்றியுள்ள மலைக் கிராமங்களையும் கோம்பாக்களையும் (பௌத்த மடாலயங்கள்) பார்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

அக்கா, நாலு நாள்தான் லீவு. மணாலியிலிருந்து ஒரே நாளில் காசா போய்விடலாமா?

வண்டி போய்விடும், உடம்புதான் தாங்காது. மணாலி 6,700 அடி. அன்றே 15,000 அடியை ஒட்டியுள்ள குன்சும் கணவாயைத் தாண்டி, ராத்திரி 12,000 அடியில் இருக்கும் காசாவில் படுப்பீர்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று இரண்டு நாள் ஹோட்டல் அறையிலேயே போய்விடும்.

சிம்லா வழியாகப் போங்கள். கல்பாவில் (9,700 அடி) இரண்டு ராத்திரி, டாபோவில் (10,700 அடி) ஒரு ராத்திரி, அப்புறம் காசா. திரும்பும்போது குன்சும் திறந்திருந்தால் மணாலி வழியாக இறங்கலாம். இதற்கு எட்டு நாளாவது வேண்டும். நாலு நாள்தான் என்றால் கல்பாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே அருமையான ஊர்.

ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் ஹோட்டலாகப் பார்த்து எடுத்தால் பயமில்லை அல்லவா?

இந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு வருடம் காசாவில் என் பக்கத்து அறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். மாலையில் வறட்டு இருமல் இருந்தது, அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் மனைவி வந்து என் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், மனிதர் படுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. ஹோட்டல்காரர்கள் சிலிண்டரை மாட்டிவிட்டு, "காலையில் சரியாகிவிடும்" என்றார்கள். அதை நம்பி இரண்டு மணி நேரம் வீணானது. அப்புறம்தான் வண்டி பிடித்து காசா அரசு மருத்துவமனைக்கும், விடிவதற்குள் அங்கிருந்து கீழேயும் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை, அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால்தான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. காசாவில் கடல் மட்டத்து அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நோயாளி கீழே இறங்கும்வரை தாக்குப்பிடிக்கச் சிலிண்டர் உதவும். கீழே இறக்குவதுதான் வைத்தியம். கூட வந்தவர் தள்ளாடுகிறாரா என்று சந்தேகம் வந்தால், ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியில் படும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அறையில் ஹீட்டர், வெந்நீர் கிடைக்குமா?

கரண்ட் இருந்தால் கிடைக்கும். படுக்கைக்கு வெந்நீர்ப் பை கேளுங்கள், ஹீட்டரைவிட அது நம்பகமானது. புகாரி அடுப்பை (அறையைச் சூடாக்கும் விறகடுப்பு) எரியவிட்டுக் கதவு ஜன்னலை இறுக்க மூடிக்கொண்டு தூங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். சாதம் அரைவேக்காடாக வந்தால் சமையற்காரரைக் கோபிக்காதீர்கள். அங்கே தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது.

பைக்கில் மணாலியிலிருந்து ஒரே நாளில்...?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. பைக்குக்கும் அதேதான்.

ஒரு கோம்பாவுக்குத்தான் நேரம் இருக்கிறது. கீ மடாலயமா, டாபோவா?

படத்துக்குக் கீ, மனதுக்கு டாபோ. கீ ஒரு குன்றைச் சுற்றி அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள் ஏறியதுபோல நிற்கும். டாபோ தரையோடு தரையாக, வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர். கி.பி. 996-இல் எழுந்தது, நம் தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்கும் முன்பு. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கண் பழகப் பழக, நாலு பக்கச் சுவரிலும் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும், பத்மாசனத்தில், சுவரிலிருந்து மிதந்து வந்தாற்போல. அவற்றின் கீழே ஓவியங்கள். எல்லாம் மண்ணின் மேல் தீட்டியவை. உள்ளே படம் எடுக்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, பையைச் சுவரில் சாய்க்கவும் கூடாது. வலம் வருவது நம் கோயில் மாதிரியே, வலப்புறம் சந்நிதி இருக்கும்படி. டாபோவில் ராத்திரி தங்கினால் உயரத்துக்கும் உடம்பு பழகும்.

லாங்சா கிராமத்தில் பிள்ளைகள் நத்தைச் சுருள் மாதிரியான கல் விற்கிறார்கள். சாளக்கிராமம்தானே, பூஜைக்கு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அது அம்மோனைட், சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் இமயமலை எழும்முன் அங்கே கிடந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த உயிரின் கல்லாகிப்போன ஓடு.

அதே கேள்விக்காரர்: கண்டகியில் எடுத்தால் தெய்வம், ஸ்பிட்டியில் எடுத்தால் குற்றமா? ஏழைப் பிள்ளைகளுக்கு நாலு காசு கிடைப்பதைக் கெடுக்கிறீர்களே.

நியாயமான கேள்வி. நீளமாகவே சொல்கிறேன். கல் ஒரே வகைதான். நேபாளத்தில் சாளக்கிராமம் வரும் கரும்பாறைக்கும் ஸ்பிட்டி ஷேல் என்றே பெயர் உண்டு. ஆனால் கண்டகியில் ஆறே பாறையை அரித்து உருட்டிக் கொண்டுவந்து தருகிறது. முக்திநாத்துக்குப் போகும் பக்தர் கரையில் கிடப்பதை எடுத்துக்கொள்கிறார். லாங்சாவில் விற்பதற்காகப் பாறை அடுக்கை உடைத்து எடுக்கிறார்கள். எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்பது போய்விட்டால், கடல் மலையான கதையில் ஒரு பக்கம் கிழிந்த மாதிரி.

அந்தக் கதையைப் படித்தவர்களில் ஒருவர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா என்ற நிலவியல் அறிஞர். நம் அரியலூர், திருச்சிப் பக்கத்துப் புதைபடிவங்களை விரிவாக ஆராய்ந்த அதே ஆள்தான் 1860களில் ஸ்பிட்டியிலும் பாறை அடுக்குகளை ஆராய்ந்தார். 1874-இல் காரகோரத்தைத் தாண்டித் திரும்பும் வழியில், லடாக்கில், உயர நோய் கண்டு இறந்தார். வயது 36. அத்தனை மலை பார்த்தவரையே அது விடவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள், துக்பா (நூடுல்ஸ் சூப்) கேளுங்கள். வயலோரம் கூட்டிப்போக அவர்கள் அப்பாவுக்குக் கூலி கொடுங்கள். கல் அங்கேயே இருந்தால் அடுத்த வருடமும் அதைப் பார்க்க ஆள் வரும்.

பர்மிட், ஏ.டி.எம்., டாக்ஸி?

இந்தியருக்குப் பர்மிட் வேண்டாம். ஏ.டி.எம். காசாவில் உண்டு, அதை நம்பாமல் ரொக்கம் கொண்டுபோங்கள். டாக்ஸி கட்டணத்தைக் காசா டாக்ஸி யூனியனில் கேளுங்கள்.

உலகிலேயே உயரமான கிராமம் கோமிக்கில் ஒரு ராத்திரி தங்க ஆசை.

ஊரில் வைத்திருக்கும் பலகை அப்படிச் சொல்கிறது. பெருவிலுள்ள லா ரின்கொனாடா அதைவிட உயரம், 16,700 அடி. ஆனாலும் 15,000 அடியில் கோமிக்கின் கோம்பாவை (திபெத்திய பௌத்தத்தின் சாக்ய மரபு)ப் பார்ப்பது பெரிய அனுபவம். காலையில் காசாவிலிருந்து கிளம்பி லாங்சா, ஹிக்கிம், கோமிக் பார்த்துவிட்டு (ஹிக்கிம் தபாலாபீசில் வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்கள்) மாலையில் காசாவுக்கே இறங்கிவிடுங்கள். மேலே தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காசாவில் மூன்று ராத்திரி கழித்து, தலைவலி துளியும் இல்லாமல்.

ஆறு வயதுக் குழந்தையோடு மணாலியிலிருந்து நேராகக் காசா...

வேண்டாம் அம்மா. மூன்றாவது முறை இதையே எழுதுகிறேன், உங்களுக்கு மட்டும் கெஞ்சியே சொல்கிறேன். குழந்தைக்குத் தலைவலி என்று தெளிவாகச் சொல்லத் தெரியாமல் போகலாம். சிணுங்கும், சாப்பிடாது, அவ்வளவுதான். பயணக் களைப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

லாங்சா கல் கேட்டவன்தான். போன வருடமே ஒன்று வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

எங்கே, எந்த மாதம், யாரிடம் வாங்கினீர்கள் என்று நினைவிருப்பதை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். பக்கத்தில் நிலவியல் (ஜியாலஜி) துறை உள்ள கல்லூரி இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.