அவசர காலத்துக்கென்று வீட்டில் எந்தெந்தத் துப்பாக்கிகள் இருந்தால் போதும்?

உரிமம் கிடைக்கும் நாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: இரண்டு போதும். முதலாவது 12 கேஜ் ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடக்கூடிய நீளத் துப்பாக்கி; 12 கேஜ் என்பது குழலின் அளவு. தோட்டாவை மாற்றினாலே பறவை வேட்டை, மான் வேட்டை, வீட்டுக் காவல் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. ஆனால் தோளில் நன்றாக உதைக்கும்; தோட்டாவும் கனம், 25 எடுத்தாலே கிட்டத்தட்ட ஒரு கிலோ.

இரண்டாவது .22 ரைஃபிள், அதாவது சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள சிறு குண்டைச் சுடும் நீளத் துப்பாக்கி. இதன் தோட்டா 500 சேர்ந்தாலும் 2 கிலோ வராது, விலையும் மலிவு, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். குறிபார்த்துப் பழக இதுதான் சரி.

பலர் முதலில் கேட்பது கைத்துப்பாக்கியை. குறி தவறாமல் சுட அதுதான் ரொம்பக் கஷ்டம். தொடர்ந்து பயிற்சி எடுக்க முடியாதென்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி வாங்கலாம். குழந்தைகள் உள்ள வீடென்றால் துப்பாக்கிக்கு முன்பே பெட்டி வந்துவிட வேண்டும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டோடு.