கசியும் மைப்பேனாவும் உத்தரவாதமும்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய மைப்பேனாவில், விரல் பிடிக்கும் இடத்தில் மை கசிகிறது. உத்தரவாதக் காலம் முடியவில்லை; ஆனால் விற்பனையாளர், "நீங்கள் பயன்படுத்திய விதமே காரணம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதே. முதலில், கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மை குறைந்திருக்கும்போது கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, நிப் வழியாகச் சில துளிகளை வெளியே தள்ளுவதுண்டு, அது பழுதன்று. பேனாவை நன்கு துடைத்து, விரல் பிடிக்கும் பகுதி உடற்பகுதியோடு இணையும் இடத்தைச் சுற்றி வெள்ளைத் தாளைக் கட்டி, இரவு முழுவதும் படுக்கை வாட்டில் வைத்துப் பார்த்தால், தாளில் மை ஊறும் இடமே விரிசலையோ தளர்ந்த இணைப்பையோ காட்டிவிடும். அந்தக் கறையைப் படமெடுத்து, ரசீதின் நகலுடன் தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்கே எழுத்து வடிவில் முறையிடுங்கள். உற்பத்திக் குறைபாடுகளுக்கே பொதுவாக உத்தரவாதம் உண்டு. கீழே விழுந்த சேதத்துக்குக் கிடைக்காது. அவசரப்பட்டுப் பசை தடவவோ நிப்பைப் பிடுங்கவோ வேண்டாம், அதையே காரணமாக்கி மறுத்துவிடுவார்கள். அனுப்புமுன் மையை வெளியேற்றிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பிளாஸ்டிக் பாகங்களை உருக்குலைத்துவிடக்கூடும்.